ஆவுடையப்பனுக்கு ஒருநாள் சுற்றுலா

இந்த வருஷச் சுற்றுலா தேரிக்காட்டுக்குத்தான் என்று ஜெபசீலி சொன்னதும், பட்டுச்சேலைப் பிரிவில் மடிப்பு போட்டுக்கொண்டிருந்த கைகளெல்லாம் நின்றுவிட்டன. நிற்கத்தானே செய்யும். போன வருஷம் அதே தேரிக்காட்டில் அவளை விட்டுவிட்டு வந்தவர்கள் அல்லவா அவர்கள்!

திருநெல்வேலியில் அந்த ஜவுளிக்கடை, ஆடித் தள்ளுபடி முடிந்த மறுவாரம் ஊழியர்களை ஒருநாள் சுற்றுலாவுக்கு அனுப்பும். காலையில் வேனில் கிளம்பி இருட்டுவதற்குள் திரும்பிவிட வேண்டும். போன வருஷம் ஏற்பாடு முழுவதும் சூப்பர்வைசர் ஆவுடையப்பன். கண்ணுக்கெட்டிய தூரம் வரை செக்கச்செவேலென்று மணல்மேடுகள், நடுநடுவே பனையும் கொல்லாமரம் என்கிற முந்திரியும். அந்தத் தேரியைச் சுற்றிக்காட்டி முடித்து எல்லாரையும் வேனில் ஏற்றியவர், தலையை எண்ணவில்லை. அவருக்கென்று ஒரு சுருக்கு வழி உண்டு.

"பக்கத்து சீட்டு ஆளு இருக்காவளா?" என்று கேட்டார்.

"இருக்காவ" என்று வேன் முழுக்கக் கத்தியது.

ஜெபசீலி வரும்போது டிரைவருக்கு இடப்பக்கம் இருந்த ஒற்றை சீட்டில் உட்கார்ந்து வந்தவள். அவளுக்குப் பக்கத்து சீட்டு ஆள் கிடையாது. காலியாகக் கிடந்த அந்த சீட்டில் சோற்றுப் பாத்திரங்களை ஏற்றினார்கள். வண்டி கிளம்பிவிட்டது. மேட்டுக்கு அந்தப் பக்கம் ஒதுங்கப் போயிருந்தவள் திரும்பி வந்தபோது டயர் தடம்கூட இல்லை. காற்று துடைத்துவிட்டிருந்தது. எந்தத் திசை என்று தெரியாமல் வெயிலில் நடந்து, மயங்கி விழுந்தாள். ஆடு மேய்க்கிறவர்கள் கண்டு தண்ணீர் தெளித்து ரோட்டில் கொண்டுவந்து விட்டார்கள்.

அது தவறு. தவறை மன்னிக்கலாம். ஆனால், வேனில் யாரோ "ஜெபா எங்க?" என்று கேட்டபோது, ஆவுடையப்பன் வாய் கூசாமல் ஒன்று சொன்னார்.

"அவ அப்பமே ஒருத்தன் பைக்ல ஏறிப் போயிட்டாளே. நீங்க பாக்கலியா?"

அந்த வார்த்தை வேனைவிட வேகமாகத் திருநெல்வேலி வந்து சேர்ந்தது. நாசரேத்தில் நிச்சயமாகியிருந்த மாப்பிள்ளை வீட்டுக்காரர்கள் தட்டை மாற்றியதை மறந்துவிடச் சொன்னார்கள். அம்மா ரோஸ்லெட் ஞாயிறு ஆராதனைக்குக் கோயிலுக்குப் போவதை நிறுத்தினாள். முதலாளி ஜெபசீலியைப் பட்டுப் பிரிவிலிருந்து எடுத்துக் கீழ்த்தளத்தில் துண்டு, லுங்கி விற்கப் போட்டார். அவள் சொன்ன உண்மையை ஒருத்தர்கூட நம்பவில்லை. சூப்பர்வைசர் சொன்ன பொய்யை எல்லாரும் நம்பினார்கள்.

அதனால்தான் இந்த வருஷம் அவளே முதலாளி முன்னால் போய் நின்று, ஏற்பாட்டைத் தன்னிடம் விடும்படி கேட்டாள். பிள்ளை பழசை மறந்துவிட்டது என்று அவர் மகிழ்ந்துபோனார். ஜவுளியில் கெட்டிக்காரர், ஆட்களைப் பொறுத்தவரை அவருக்கு ஒன்றும் தெரியாது.

ஜெபசீலிக்கு ஒரே ஒரு கூட்டாளி. பிளவுஸ் பிட் பிரிவு மாடத்தி. போன வருஷம் காய்ச்சலில் படுத்துவிட்டதால் சுற்றுலாவுக்கு வரவில்லை. வந்திருந்தால் வேனின் முன்னால் படுத்தாவது மறித்திருப்பாள்.

"ஏட்டி, அந்த ஆள என்ன செய்யப் போற?" என்றாள் மாடத்தி, சோற்று நேரத்தில்.

"எனக்குச் செஞ்சத அவருக்குச் செய்யப் போறேன்."

"செத்துகித்துப் போயிரப் போறாரு."

"ஒரு டீ குடிக்கிற நேரம்தான். பெறவு போய்க் கூட்டிட்டு வந்துருவோம். அப்பம் வேன்ல எல்லார் முன்னாலயும் கேப்பேன்."

இருவரும் வார விடுமுறையன்று பஸ் ஏறித் தேரிக்குப் போனார்கள். முழங்கால்வரை மணலில் புதைந்து, உடைமுள் குத்தி, மேடு மேடாக ஏறி இறங்கி இடம் பார்த்தார்கள். வேன் நிற்கும் இடத்துக்குப் பக்கத்திலேயே ஒரு வளைந்த கொல்லாமரம் இருந்தது. தூரத்தில், இரண்டு பெரிய மேடுகளுக்கு அப்பால், ரெட்டைப்பனை நின்றது. ஜெபசீலி இரண்டையும் மனத்தில் குறித்துக்கொண்டாள்.

சுற்றுலாவில் புதையல் வேட்டை உண்டு என்று கடையில் அறிவித்தாள். பரிசு, முதலாளி கொடுத்த வெள்ளிக் குத்துவிளக்கு. தேரியில் புதைத்துவைத்து, அங்கே போனதும் எல்லாருக்கும் ஒரு வரைபடம் தரப்படும். அறிவித்த கையோடு இரண்டு வரைபடங்கள் வரைந்தாள். கொல்லாமரத்தைக் காட்டும் ஒன்று அவள் பைக்குள் போனது. ரெட்டைப்பனையைக் காட்டும் மற்றொன்றை பில் போடும் மேஜையில் மறந்ததுபோல் வைத்துவிட்டுத் தண்ணீர் குடிக்கப் போனாள்.

கடையில் நடக்கும் எந்தப் போட்டியிலும் ஆவுடையப்பன் தோற்றதில்லை. கேள்வியை முதல்நாளே பார்த்துவிடுகிறவர் எப்படித் தோற்பார்? தண்ணீர் குடித்துவிட்டு வந்த ஜெபசீலி, அவர் வரைபடத்தைப் படமெடுத்த செல்போனைச் சட்டைப்பையில் போடுவதைப் பார்த்தாள். அன்றைக்கு வீட்டுக்குப் போய் நாலு தோசை கூடவே சாப்பிட்டாள். பழி வாங்கப் போகிறவள் என்பதற்காகப் பட்டினியா கிடப்பாள்?

சுற்றுலா நாள் வந்தது. வேன் வாசலில் நின்றுகொண்டு ஜெபசீலி ஒவ்வொருவருக்கும் இடம் சொன்னாள்.

"அண்ணாச்சி, நீங்க முன்னால ஒத்த சீட்டுல இருங்க. காலு நீட்ட வசதியா இருக்கும்."

"அப்படிச் சொல்லு பிள்ள. பெரியவங்களுக்கு மரியாத குடுக்கணும்" என்று அவர் ஏறி உட்கார்ந்தார். மாடத்தி சிரிப்பை அடக்க முந்தானையைக் கடித்துக்கொண்டாள்.

வழியெல்லாம் பாட்டும் கூத்துமாகத் தேரிக்கு வந்து சேர்ந்தார்கள். புளியோதரையும் முட்டையும் சாப்பிட்டு முடிந்ததும், ஜெபசீலி கொல்லாமர வரைபடத்தை எல்லாருக்கும் விரித்துக் காட்டினாள். ஆவுடையப்பன் அந்தப் பக்கம் திரும்பிக்கூடப் பார்க்கவில்லை. அவரிடம்தான் 'அசல்' இருக்கிறதே! எல்லாரும் கொல்லாமரத்தைச் சுற்றி மணலைத் தோண்டிக்கொண்டிருக்க, அவர் ஒரு சோற்றுக்கரண்டியை இடுப்பில் சொருகிக்கொண்டு மேட்டில் ஏறி மறைந்தார்.

குத்துவிளக்கு ரெடிமேட் பிரிவு பெண் ஒருத்திக்குக் கிடைத்தது. கைதட்டல் அடங்கியதும் ஜெபசீலி எல்லாரையும் வேனில் ஏற்றினாள். ஒற்றை சீட்டில் சோற்றுப் பாத்திரங்களை வைத்தாள். பிறகு, போன வருஷம் கேட்ட அதே கேள்வியைக் கேட்டாள்.

"பக்கத்து சீட்டு ஆளு இருக்காவளா?"

"இருக்காவ!"

வேன் கிளம்பியது. ரோட்டோரத்து டீக்கடை வரைக்கும் ஒருவருக்கும் ஒன்றும் தோன்றவில்லை. டீ வாங்கி நீட்டும்போதுதான் யாரோ கேட்டார்கள்.

"சூப்பர்வைசர் அண்ணாச்சி எங்க?"

எல்லாரும் ஒருவர் முகத்தை ஒருவர் பார்த்தார்கள்.

"யாரு பைக்லயாவது ஏறிப் போயிருப்பாரு" என்றாள் மாடத்தி, டீயை ஊதிக்கொண்டே.

ஒருவரும் சிரிக்கவில்லை. ஒவ்வொருவராகத் தலை குனிந்தார்கள். அந்தக் குனிந்த தலைகளை ஜெபசீலி ஆசை தீரப் பார்த்தாள். ஒரு வருஷமாகப் பார்க்க நினைத்த காட்சி. அவளுக்கு அது இனித்தது.

அவள் போட்ட திட்டம் சரியாகத்தான் இருந்தது. காற்றை மட்டும் அவள் திட்டத்தில் சேர்க்கவில்லை. டீ முடிவதற்குள் மேற்கே வானம் சிவந்தது. மேகம் இல்லை, மணல். தேரி எழுந்து நடந்து வருவதுபோல் சிவப்புப் புழுதி ரோட்டைக் கடந்து டீக்கடைத் தகரத்தில் சடசடவென்று அடித்தது. வேன் டிரைவர் காஜா முகத்தில் துண்டைக் கட்டிக்கொண்டார்.

"தாயி, இப்பம் உள்ள போனா நமக்கும் வழி தெரியாது. அடங்கட்டும்" என்றார்.

"அடங்கட்டும்ட்டி. அவரும் கொஞ்சம் அனுபவிக்கட்டும்" என்றாள் மாடத்தி.

ஜெபசீலிக்கும் அந்த ஆசை இருந்தது. அந்த ஆள் கண்ணிலும் வாயிலும் மணல் நிரம்பட்டும், நான் கிடந்ததுபோல் கிடக்கட்டும் என்று மனம் கொக்கரித்தது. அடுத்த கணமே வேறொன்று உறைத்தது. அந்த ஆள் அங்கேயே முடிந்துவிட்டால் அந்தப் பொய்யைத் திரும்ப எடுக்க உலகத்தில் ஆளே இல்லை. செத்தவனைப் பற்றித் தப்பாகப் பேசுகிறாள் என்று அதற்கும் சேர்த்து அவளைத்தான் ஏசுவார்கள்.

"வண்டிய எடுங்கண்ணே. அவரு உசுரோட வேணும் எனக்கு" என்றாள்.

வேன் பழைய இடத்துக்கே திரும்பியது. கொல்லாமரம் மட்டும் மங்கலாகத் தெரிந்தது. அதற்கு அப்பால் வானமும் தரையும் ஒரே சிவப்பு. பார்சல் கட்டுவதற்காக மாடத்தி பையில் எப்போதும் ஒரு சணல் உருண்டை இருக்கும். அதன் நுனியைக் கொல்லாமரத்தில் கட்டி, உருண்டையைப் பிரித்துக்கொண்டே இருவரும் முகத்தை மூடி நடந்தார்கள். முதல் மேட்டில் ஏறும்போது காற்று ஜெபசீலியைக் கீழே தள்ளியது. எழுந்தாள். மறுபடியும் தள்ளியது. மாடத்தி அவள் இடுப்பைப் பிடித்து இழுத்தாள். இரண்டாவது மேட்டின் உச்சியில் சணல் தீர்ந்துபோனது.

"இதுக்கு மேல வேண்டாம்ட்டி" என்றாள் மாடத்தி.

"நீ நுனியப் பிடிச்சுக்கிட்டு இங்கயே நில்லு. நான் கத்துனா நீயும் கத்து. அந்தச் சத்தத்த வச்சுத் திரும்பிருவேன்."

சணலை விட்டுவிட்டு அவள் சரிவில் உட்கார்ந்தபடியே வழுக்கி இறங்கினாள். கண்ணைத் திறக்க முடியவில்லை. கையை நீட்டித் தடவிக்கொண்டே போனவள் பனையின் சொரசொரப்பில் போய் முட்டிக்கொண்டாள். ரெட்டைப்பனை! காற்று படாத மறுபக்கத்தில், தான் தோண்டிய குழிக்குள்ளேயே ஆவுடையப்பன் சுருண்டு கிடந்தார். ஒரு காலில் செருப்பு இல்லை. ஒரு கையில் கரண்டி, மறுகையில் சிக்னல் கிடைக்காத செல்போன்.

"ஏ பிள்ள... தண்ணி" என்றார். குரலே வரவில்லை.

ஜெபசீலி தோள்பையிலிருந்து பாட்டிலை எடுத்தாள். திறக்காமல் கையிலேயே வைத்துக்கொண்டாள். அவர் கண் பாட்டிலை விட்டு நகரவில்லை.

"நான் சொன்னது பொய்யின்னு சொல்லிருதேன். என்ன வேணாலும் சொல்லுதேன். தா தாயி."

இந்த வார்த்தைக்காகத்தான் அவள் ஒரு வருஷம் காத்திருந்தாள். கேட்டதும் ருசிக்கவில்லை. தாகத்தில் இருக்கிறவன் சொல்வது எதுவும் வயிறு நனைந்தபின் நிற்காது. போதாததற்கு, இங்கே கேட்பதற்கு யார் இருக்கிறார்கள்? இரண்டு பனைமரம். அவள் மூடியைத் திருகி நீட்டினாள்.

"குடிங்க அண்ணாச்சி, நல்லாக் குடிங்க. தொண்ட காஞ்சு கெடந்தா நீங்க சொல்லப் போறது கடைசி சீட்டு வரைக்கும் கேக்காது."

பிறகு அவர் சட்டைக் காலரைப் பிடித்துத் தூக்கினாள். கத்தினாள். மேட்டிலிருந்து மாடத்தியின் குரல் பதில் கொடுத்தது. அந்தக் குரலைப் பிடித்து ஏறி, பிறகு சணலைப் பிடித்து இறங்கி, மூவரும் செம்மண் சிலைகளாக வேனுக்கு வந்து சேர்ந்தார்கள்.

வேனில் பாட்டுப் பாடக் கொண்டுவந்திருந்த மைக்கை ஜெபசீலி அவர் கையில் கொடுத்தாள். ஆவுடையப்பன் சுற்றிலும் பார்த்தார். ஒரு முகத்திலும் இரக்கம் இல்லை.

"பைக்கும் இல்ல, ஆளும் இல்ல" என்று தொடங்கினார். "நான்தான் எண்ணாம விட்டுட்டேன். வண்டி நாசரேத் வாரதுக்கு முன்னாலயே அது எனக்குத் தெரிஞ்சு போச்சு. வண்டியத் திருப்புனா ஏன் திருப்புனீருன்னு மொதலாளி கேப்பாரு. அதுக்குப் பயந்து அப்படிச் சொல்லிட்டேன்."

திருப்பியிருந்தால் கொஞ்ச நேரத்தில் வந்திருக்கலாம். அந்த மயக்கம், முறிந்த நிச்சயம், அம்மாவின் அழுகை எல்லாவற்றையும் ஒரு கேள்விக்குப் பயந்து இந்த ஆள் வாங்கிக் கொடுத்திருக்கிறார். ஜெபசீலி அவர் முன்னால் போய் நின்றாள். அறையலாமா என்று நினைத்தாள். அறைந்தால் அத்தோடு கணக்கு முடிந்துவிடும். முடிக்க அவளுக்கு மனசில்லை.

"இந்த வேனுக்குள்ள சொன்னது போதாது அண்ணாச்சி" என்றாள். "நீங்க சொன்ன பொய்யி ஊரு பூரா சுத்தியிருக்கு. வார ஞாயித்துக்கெழம ஒங்களுக்குன்னு ஒரு சுற்றுலா போடுதேன். அது போன எடத்துக்கெல்லாம் நீங்களும் போகணும்."

"வரலன்னா?"

கடைசி சீட்டிலிருந்து குத்துவிளக்குக்காரி எழுந்தாள். "வரலன்னா நாங்க எல்லாரும் மொதலாளி முன்னால போய் நிப்போம்" என்றாள். மற்றவர்களும் எழுந்தார்கள். ஆவுடையப்பன் மைக்கை மடியில் வைத்துக்கொண்டு தலையாட்டினார்.

ஞாயிற்றுக்கிழமை காஜா அண்ணனின் வேனே வந்தது. ஜெபசீலியின் அம்மா ரோஸ்லெட்டும் ஏறிக்கொண்டாள். வழி, நிறுத்தம் எல்லாம் ஜெபசீலியின் திட்டம். முதலில் அவள் தெரு. வீடு வீடாகக் கதவைத் தட்டி ஆவுடையப்பன் அதையே சொன்னார். அடுத்து முதலாளி வீடு. அவர் பல்துலக்கும் குச்சியோடு நின்று கேட்டு, ஜெபசீலியை மறுநாளே பட்டுப் பிரிவுக்கு வரச் சொன்னார். பிறகு நாசரேத். மாப்பிள்ளையின் தாயார் முழுவதும் கேட்டுவிட்டுக் கையைப் பிசைந்தாள்.

"நாங்கதான் அவசரப்பட்டுட்டோம். உள்ள வாம்மா, உக்காந்து பேசுவோம்."

"பேச வரல. நீங்க கேக்கணும்னுதான் வந்தேன்" என்று சொல்லி ஜெபசீலி படியிறங்கிவிட்டாள்.

அவள் ஆவுடையப்பனை மன்னித்துவிட்டாள் என்று எழுதினால் கதைக்கு அழகாக இருக்கும். மன்னிக்கவில்லை. ஆனால் திரும்பும் வழியில் நன்றாகத் தூங்கினாள். சொல்ல எளிதான பொய்யைத் திரும்ப எடுக்க எவ்வளவு தூரம் அலைய வேண்டியிருக்கிறது என்று அன்றைக்கு வேனில் இருந்த எல்லாரும் தெரிந்துகொண்டார்கள். எல்லாரையும்விட நன்றாக ஆவுடையப்பன் தெரிந்துகொண்டார்.

பாளையங்கோட்டை வந்தபோது வெயில் தாழ்ந்திருந்தது. நாள் முழுக்க ஜன்னலோரம் உட்கார்ந்திருந்த ரோஸ்லெட், தான் ஒரு வருஷமாக மிதிக்காத கோயில் வாசலில் வண்டியை நிறுத்தச் சொன்னாள். சாயங்கால ஆராதனை முடிந்து ஜனங்கள் வெளியே வந்துகொண்டிருந்தார்கள். அவள் முந்தானையைத் தலையில் இழுத்துப் போட்டுக்கொண்டு, ஆவுடையப்பனைப் பார்த்தாள்.

"இவ்வளவு பேரும் இருக்காவ. எறங்குங்க" என்றாள்.

அவர் இறங்கினார். அவருக்கு முன்னால் ரோஸ்லெட் நடந்தாள்.