உடை மாற்றும் அறைக்கு ஒரு வழி

“ஐயோ!”

தி.நகர் ஜவுளிக்கடையின் மூன்றாவது மாடியில் எழுந்த அலறல், கீழ்த்தளத்தில் ஊதுபத்தி கொளுத்திக்கொண்டிருந்தவர்களை நிமிர வைத்தது.

காலை ஒன்பதே முக்கால்.

அது விற்பனைப் பெண்கள் யூனிஃபார்ம் புடவைக்கு மாறும் அறை. அலறியவள் சிந்து. சுவர்க் கடிகாரத்தின் ஆறாம் எண்ணுக்குள் ஒரு கண்... கண்ணாடிக் கண்.

கேமரா!

நாற்பது பெண்கள். எத்தனை நாளாகவோ... சிந்து வாஷ்பேசினில் குனிந்து வாந்தியெடுத்தாள்.

முதலாளி இசக்கிமுத்து போலீஸைக் கூப்பிடவில்லை. கடையின் பெயர் முக்கியம். கம்ப்யூட்டர் நெட்வொர்க்கைப் பார்த்துக்கொள்ளும் ஜெனிதாவைக் கூப்பிட்டார்.

அவள் வருவதற்குள் மேனேஜர் சுப்பராயன் குற்றவாளியையே பிடித்துவிட்டிருந்தார். அந்த மாடிக்கு வயர் இழுத்த எலக்ட்ரீஷியன் அஜித்குமார். சிந்துவின் கணவன். லீவில் இருந்தவனை ஆள் அனுப்பி, சைதாப்பேட்டை வீட்டிலிருந்து இழுத்து வந்திருந்தார்கள். உதடு கிழிந்திருந்தது.

“கட்டுன பொண்டாட்டியவே படம் புடிச்சிருக்கான் முதலாளி. தூ...” என்றார் சுப்பராயன். கடைப் பெண்களைத் ‘தாயி’ என்று மட்டுமே கூப்பிடுகிறவர்.

“வூட்ல தூங்கிக்கினு இருந்தேன் மேடம். இவங்கதான் வந்து எழுப்புனாங்க” என்றான் அஜித்குமார்.

சிந்து கணவனின் முகத்தைப் பார்க்கவே இல்லை.

ஆபீஸ் அறையில் எல்லோருக்கும் பொதுவாக ஒரே கம்ப்யூட்டர். ஜெனிதா ஒரு கட்டளையைத் தட்டினாள். திரையில் எண்கள் வரிசை கட்டின. பார்த்தாள். சத்தமில்லாமல் பிரின்ட் எடுத்து ஹேண்ட்பேக்கில் வைத்துக்கொண்டாள். பிறகுதான் முதலாளியிடம் பேசினாள்.

“அண்ணாச்சி, ஒரு கம்ப்யூட்டருக்குத் தன்னோட தெரு மட்டும்தான் தெரியும். வெளிய எங்க போகணும்னாலும் ஒரே வாசல்ல போய் நிக்கும். இந்தக் கேமராவை வேற தெருவுல, வேற வாசலுக்குப் பின்னால ஒளிச்சிருக்காங்க. ‘அந்தத் தெருவுக்கு இந்த வாசல்’னு நாம கையால எழுதிக் குடுத்தாத்தான் இது போகும். பாருங்க, மூணாவது வரி... எழுதியிருக்காங்க.”

“அவன்தான் எழுதிருப்பான்” என்றார் சுப்பராயன்.

“எப்ப சார்? நிரந்தரமா நிக்கிற மாதிரியும் எழுதலாம். இது அப்படி இல்ல, கம்ப்யூட்டரை அணைச்சா அழிஞ்சிடும். அண்ணாச்சி, கடை சாத்தும்போது மெயினை யார் அணைக்கிறது?”

“நாந்தான். காலைல கற்பூரம் காட்டிட்டுத்தான் போடுவேன். இன்னைக்கு ஒம்பது மணிக்கு.”

“அப்ப ஒன்பதுக்கு மேலதான் எழுதியிருக்காங்க. தினமும் காலைல எழுதுறாங்க. வேலை மாதிரி.” “அஜித் அப்ப கடையிலயே இல்ல.”

சிந்து முதன்முறையாகத் தலை நிமிர்ந்தாள்.

போலீஸுக்குத் தானே சொல்லிவிட்டதாக ஜெனிதா அறிவித்தாள். அவர்கள் வரும்வரை யாரும் இந்தக் கம்ப்யூட்டரை அணைக்கக் கூடாது, இருக்கிற ஒரே சாட்சி அந்த வரிதான் என்று இரண்டு முறை சொன்னாள். கேமராவின் வயரைக் காட்டுவதாக எல்லோரையும் மாடிக்கு அழைத்துப் போனாள்.

ஹேண்ட்பேக் மேஜையிலேயே இருந்தது.

இன்ஸ்பெக்டர் மணிமொழியுடன் திரும்பியபோது... மூன்றாவது வரி இல்லை!

“கரன்ட் போய் வந்துச்சு தாயி” என்றார் சுப்பராயன். அவர் எப்போது கீழே இறங்கினார் என்று யாருக்கும் தெரியவில்லை. “சாட்சியே போச்சே.”

ஜெனிதா பிரின்ட் தாளை இன்ஸ்பெக்டரிடம் நீட்டினாள். பிறகு ஹேண்ட்பேக்கின் பக்கவாட்டுப் பையிலிருந்து மொபைலை எடுத்தாள். வீடியோ இன்னும் பதிவாகிக்கொண்டிருந்தது.

நிறுத்தி, பின்னால் நகர்த்திப் போட்டாள். சுப்பராயன் உள்ளே வருகிறார். வாசலைப் பார்க்கிறார். வேட்டி நுனியால் வியர்வையைத் துடைத்துக்கொண்டு, கம்ப்யூட்டரின் பொத்தானை அழுத்திப் பிடிக்கிறார்...

சிந்து புடவைத் தலைப்பால் அஜித்குமாரின் உதட்டைத் துடைத்தாள். வாசலில் நின்ற பெண்களில் ஒருத்தி காறித் துப்பினாள்.

“ஒருத்தருக்குத் தெரியாம இப்படிப் படம் எடுக்குறது தப்பும்மா” என்று முனகினார் சுப்பராயன்.

“பயப்படாதீங்க சார்” என்றாள் ஜெனிதா. “நீங்க துணி மாத்தும்போது எடுக்கல. அத ஜெயில்ல மாத்திக்குங்க.”