மூன்று நாள் தாமதம்

“மூணு நாள் லேட்டாம் அக்கா. புகாரைப் படிக்கவே மாட்டாங்களாம்.”

குழந்தைச் சட்டை தைக்கும் தொழிற்சாலையில் தையல்காரி அவள். நாற்காலி நுனியில் உட்கார்ந்திருந்தாள். ஸ்டோர் ரூம் கதவைச் சாத்திவிட்டு சூப்பர்வைசர் அவள்மேல் கை வைத்தது மூன்று மாதங்களுக்கு முன், பத்தாம் தேதி. மூன்று மாதத்துக்குள் விசாரணைக் குழுவிடம் புகார் தரவேண்டும் என்பது சட்டம். இந்த மாதம் நாலாம் தேதியே தந்துவிட்டதாக இவள் சொல்கிறாள். குழுவின் பதிவேடோ பதிமூன்று என்கிறது.

“நாளைக்கு வேலையைவிட்டே அனுப்பப் போறாங்க.”

போலீஸ் வேலையிலிருந்து ஓய்வு பெற்றுத் தனியாகத் துப்பறியும் ஏட்டம்மா கண்ணாடியைத் துடைத்தார். “ரசீது?”

“கேட்டேன். ‘ஒரே குடும்பம், எதுக்கு ரசீது’ன்னாங்க.”

“அண்ணி, அந்த சூப்பர்வைசரை நாலு தட்டு தட்டினா...” ஏட்டம்மாவின் கொழுந்தன் எழுந்தார்.

“உட்காரு. நீ கொசுவைக்கூட அடிச்சதில்ல.”

மறுநாள் காலை, தொழிற்சாலை கேட்டில் கொழுந்தனைப் பார்த்து, உலோகம் கண்டுபிடிக்கும் மெஷின் கத்தியது. காவலாளி அவர் சட்டைப்பையிலிருந்த மருந்துச் சீட்டை வாங்கி, அதிலிருந்த ஸ்டேப்ளர் பின்னைப் பிடுங்கினார்.

“என் சீட்டு என்னப்பா பாவம் பண்ணிச்சு?”

“பாப்பா சட்டைக்குள்ள பின் கிடந்துச்சுன்னு ஒரு லாரி சரக்கு திரும்பி வந்துருச்சு சார். ஏழாம் தேதியிலருந்து எந்தத் தாளும் பின்னோட உள்ள போகாது. உள்ள இருந்த ஸ்டேப்ளரையும் அன்னிக்கே வாங்கிட்டாங்க.”

குழுவின் அறையில் தலைவி நிமிர்ந்து உட்கார்ந்திருந்தார், பக்கத்தில் சூப்பர்வைசர். தையல்காரியோடு உள்ளே போன ஏட்டம்மா புகாரை வாங்கிப் பார்த்தார். இரண்டு தாள். மூலையில் ஒரு பின்.

“இந்தப் பின்னை யாரும்மா அடிச்சது?”

“நான்தான் அக்கா, வீட்டுல. பொண்ணோட ஸ்டேப்ளர்.”

“பதிமூணாம் தேதி கொண்டு வந்திருந்தா கேட்லயே பிடுங்கியிருப்பாங்களே?” ஏட்டம்மா தலைவியைப் பார்த்தார். “அப்ப இது ஏழாம் தேதிக்கு முன்னாடியே உள்ள வந்த தாள்.”

“மெஷின் தவற விட்டிருக்கும்.”

“தவற விடும்னு, சரக்கைத் திருப்பி அனுப்பினவங்களுக்கு எழுதிக் குடுக்கறீங்களா?”

தலைவி பதிவேட்டைத் தன் பக்கம் இழுத்துக்கொண்டார்.

“பதிவேட்டுல தேதி போட்டது உங்க கைதான். ஏம்மா, நீங்களும் ஒரு பொம்பள...”

“நானும் அந்த ஸ்டோர் ரூமைத் தாண்டி வந்தவதான்.” தலைவியின் குரல் வறண்டிருந்தது. “அப்ப சூப்பர்வைசர் வேற ஆளு. வாயை மூடிக்கிட்டேன். அதனாலதான் இந்த நாற்காலி.”

பேனாவை எடுத்தார். பதிமூன்றை அடித்து நாலு என்று எழுதிக் கையெழுத்துப் போட்டார். ஏட்டம்மா அதை அப்படியே படம் எடுத்துக்கொண்டார்.

வெளியே வந்ததும் கொழுந்தன் குதித்தார். “ஜெயிச்சாச்சும்மா! வேலையும் தப்பிச்சுது!”

“இனி என்ன அக்கா?”

“இனிதான் விசாரணை. நடந்ததை முதல்லருந்து சொல்லணும்.”

“அப்ப இதுவரைக்கும் நடந்தது?”

“கதவைத் தட்டியிருக்கோம். அவ்வளவுதான்.”

வேலை தொடங்கும் மணி அடித்தது. அறையிலிருந்து வெளியே வந்த சூப்பர்வைசர் அவர்களைத் தாண்டித் தையல் வரிசைக்குப் போனார். முந்தானையை இழுத்துச் செருகிக்கொண்டு அவளும் அவர் பின்னாலேயே நடந்தாள். அவளுடைய மெஷினும் அந்த வரிசையில்தான் இருந்தது.