இருபுறமும் ராணித் தலை

அடைக்கலசாமி எதிர்க்கரை பாம்பூஃப்ளாட்டிலிருந்து படகில் வந்து இறங்கி, தீவின் டெய்ரி ஃபார்ம் பகுதியில் சொக்கலிங்கப் பத்தரின் பழைய மரவீட்டுக்கு வந்து சேர்ந்தபோது மழை வலுத்துவிட்டது. 1961ஆம் வருஷத்து ஆனி மாதம். பட்டப்பகலிலேயே பட்டறையில் அரிக்கேன் விளக்கு எரிந்தது.

துண்டின் முடிச்சை அவிழ்த்து ஒரு நாணயத்தை எடுத்து வைத்தான். கறுத்துப்போன வெள்ளி ரூபாய். ஒரு பக்கம் ராணித் தலை. புரட்டினால் மறுபக்கமும் ராணித் தலை.

"அசலா, போலியா? பாத்துச் சொல்லுங்க பத்தரே."

"எங்க கெடச்சது?"

அடைக்கலசாமி குரலைத் தாழ்த்தினான்.

"குடிசைக்குப் பின்னால கெணறு தோண்டுனேன். ஒரு மண்டையோடு. பல்லுக்கு நடுவுல இதைக் கடிச்சுக்கிட்டுக் கெடந்துச்சு. கம்பி வச்சு நெம்பித்தான் எடுத்தேன். அன்னையிலேர்ந்து எம் பொஞ்சாதி லூசிக்கு வாய் பூட்டிக்கிச்சு. கஞ்சித்தண்ணி கூட எறங்கல. இது அசல்னா வித்து, அடுத்த ஜஹாஜ் கப்பல்ல மெட்ராஸ் ஆஸ்பத்திரிக்குக் கொண்டு போயிருவேன். போலின்னா எடுத்த எடத்துலயே வச்சிருவேன்."

சொக்கலிங்கம் நாணயத்தைக் கல்லில் சுண்டினான். கணீரென்றது. அந்த நாதம் தேய்ந்து அடங்கும்போது, யாரோ பல்லை நறநறவென்று கடிப்பதுபோல் கேட்டது.

விளிம்பை அரத்தால் தேய்த்து, ஒரு சொட்டுத் திராவகம் விட்டான். பச்சை கட்டவில்லை. பால்போல் வெளுத்தது.

சுத்த வெள்ளி. அச்சும் சர்க்கார் அச்சுதான்; அச்சடித்தவர்கள் தவறிச் செய்த அபூர்வம். கப்பலில் வந்துபோகும் கல்கத்தா சேட்டு இதற்கு என்ன கேட்டாலும் கொடுப்பான்.

"சட்டுனு சொல்ல முடியாது. நாளைக்கு வா."

அன்று மாலைக்குள் ஈயத்தில் ஒரு நகல் வார்த்து, முலாம் பூசிப் புகையில் கறுக்க வைத்தான். மறுநாள் அதை அடைக்கலசாமியின் கையில் போட்டான்.

"போலி. கொண்டு போ."

அடுக்களை வாசலில் நின்ற சொக்கலிங்கத்தின் மனைவி மரகதம் மெல்லக் கேட்டாள். "அந்தப் பொண்ணு பொழச்சுக்குவாளாங்க?"

"உன் சோலியைப் பாரு."

மறுவாரம் அடைக்கலசாமி மறுபடி வந்தான். தாடியும் மழைத்தண்ணீருமாக வாசலிலேயே நின்றான்.

"லூசி போயிட்டா பத்தரே. காசைத் திரும்ப அந்த மண்டையோட்டு வாயிலயே வச்சேன். காலையில பாத்தா துப்பிக் கெடந்துச்சு."

கையை நீட்டினான். ஈய நகலில் ஆழமான பல்தடங்கள்.

"ஆத்திரம் தாங்கல. மண்டையோட்டைக் கடப்பாரையால நொறுக்கிக் கடல்ல கொட்டிட்டேன்."

அவன் போகும்வரை சொக்கலிங்கம் காத்திருந்தான்.

உள்ளே பாத்திரம் உருண்டது.

மரகதம் சுவரோடு சாய்ந்து கிடந்தாள். தாடை இறுகியிருந்தது. கண்கள் மட்டும் அவனைக் கெஞ்சின. அகப்பைக் காம்பை நுழைத்து நெம்பினான். காம்புதான் முறிந்தது.

பெட்டியைத் திறந்து ரூபாயை எடுத்தான். எங்கே கொண்டுபோய் வைப்பான்? வைக்க வேண்டிய வாய்தான் கடலில் கிடக்கிறதே!

அந்தி மங்கியது. மழை நின்றது. ஈர எலும்பின் வாடை வீட்டுக்குள் ஏறியது.

மரகதத்தின் வாய் தானாகத் திறந்தது.

அகல.

இன்னும் அகல.

ஹிந்தியில் ஒரு சொல்லும் பேச வராத அவளிடமிருந்து ஓர் ஆண்குரல் வந்தது.

"டால்."

போடு என்கிறது. அழுதுகொண்டே நாணயத்தை அவள் நாக்கில் வைத்தான்.

பற்கள் மூடிக்கொண்டன. அவன் விரல்களின் மேல்.

அவன் அலறலைக் கேட்டு அக்கம்பக்கத்தார் ஓடி வந்தபோது அவளுக்கு மூச்சில்லை. பிடி மட்டும் விடவில்லை. இரண்டு விரல்களை அவள் வாயிலேயே விட்டுவிட்டுத்தான் அவனை மீட்க முடிந்தது.

மரகதத்தை எரித்த சாம்பலைச் சலித்துப் பார்த்தார்கள். நாணயம் இல்லை.

சொக்கலிங்கம் அந்த வீட்டில் தனியாகத்தான் இருக்கிறான். இடக்கையால் சோற்றைப் பிசைந்து வாயருகே கொண்டுபோகும்போதெல்லாம், அவன் வாய் திறப்பதற்கு முன்னால், பக்கத்தில் இன்னொரு வாய் திறக்கும் சத்தம் கேட்கிறது.