கறுப்புத் தூளும் ஒரு கையுறையும்

குடுவைக்குள் ஒரு கறுப்புப் பறவைக் கூட்டம் சுற்றிச் சுற்றிப் பறந்துகொண்டிருந்தது.

"பறவையும் இல்ல, ஒண்ணும் இல்ல. அது தூள்" என்றாள் அம்மா. "கண்ணாடியை ஏத்தி விடு, கனாக்காரி. மூக்கு நுனிக்கு வந்துடுச்சு பார்."

பள்ளிக்கு விடுமுறை. வீட்டில் துணைக்கு ஆள் இல்லை. அதனால் கனாக்காரி அம்மாவோடு ஆய்வகத்துக்கு வந்திருந்தாள். பாதுகாப்புக் கண்ணாடி அவள் முகத்தில் பாதியை விழுங்கியிருந்தது.

"அந்தத் தூள் என்னம்மா பண்ணுது?"

"புளிச்ச வாடை அடிக்கிற அமிலம் ஒண்ணு, ஆல்கஹால் ஒண்ணு. ரெண்டும் டூ விட்ட பிள்ளைங்க மாதிரி. பக்கத்துல பக்கத்துல உக்காந்திருக்கும், லேசுல பேசிக்காது. இந்தத் தூள்தான் நடுவுல போய்ச் சேத்து வெக்கும். சேந்துச்சுன்னா பேரிக்காய் வாசனை. சோப்புல போடுவாங்க."

"அப்புறம் தூள் தீர்ந்துடுமா?"

"தீராது. அடுத்த வேலைக்குக் கிளம்பிடும். சோப்புக் கம்பெனியில தூள் கிடையாது. ஒவ்வொரு தடவையும் எரிக்கிற அமிலத்தை ஊத்துவாங்க. அப்புறம் அதைக் கழுவித் தள்ள அண்டா அண்டாவாத் தண்ணி. அவ்வளவும் ஆத்துக்குப் போகுது. சாயங்காலம் கம்பெனி அம்மா வர்றாங்க. அதே தூள் மறுபடியும் வேலை செய்யறதைக் கண்ணால பாத்தாதான் மாறுவாங்களாம்."

அம்மா ஒரு காந்தத்தைக் குடுவையின் வெளிப்பக்கம் வைத்தாள். கறுப்புப் பறவைகள் எல்லாம் அந்த ஓரமாய்ப் போய் அடைந்தன. தெளிந்த திரவத்தை மட்டும் அம்மா வேறு பாத்திரத்தில் சாய்த்துக்கொண்டாள். அதற்குள் தொலைபேசி கூப்பிட, காந்தத்தை எடுத்து வைத்துவிட்டு அடுத்த அறைக்குப் போனாள்.

கனாக்காரி ஜன்னலைப் பார்த்தபடி மனசுக்குள் பேரிக்காய்த் தோட்டம் ஒன்றில் நடந்துகொண்டிருந்தாள். திரும்பியபோது, அடியில் கறுப்புப் பிடித்த குடுவை கண்ணில் பட்டது.

பாவம் அம்மா, எவ்வளவு வேலை!

கையுறையை மாட்டினாள். சோப்பு போட்டு, பிரஷ் விட்டு, பளபளவென்று கழுவிக் கவிழ்த்தாள். அங்கே கழுவிய நீரைச் சாக்கடையில் விட மாட்டார்கள். வாளியில்தான் ஊற்ற வேண்டும். அப்படியே ஊற்றினாள்.

அம்மாவோடு வேலை செய்யும் மாமா உள்ளே வந்தார். ஆய்வகத்தில் அவருக்கு 'அவசரம்' என்று பெயர்.

"ஐயையோ! குடுவையில இருந்த தூள் எங்க?"

"அழுக்குன்னு... நான்தான் கழுவிட்டேன், மாமா."

மாமா தலையில் கை வைத்துக்கொண்டார். "இருந்ததே அவ்வளவுதான்! புதுசாப் பண்ண ஒரு வாரம் ஆகுமே!"

கனாக்காரி குனிந்து வாளியைப் பார்த்தாள். ஒரே நுரை. அடியில் கலங்கல்.

"வடிகட்டலாமா, மாமா?"

"இந்த நுரையிலயா? சொட்டுச் சொட்டா இறங்கறதுக்குள்ள எனக்கு நரைச்சுடும். காந்தத்தை உள்ள போட்டுடறேன்!"

"வேண்டாம் மாமா!" அவள் அவர் கையைப் பிடித்தாள். "காந்தத்துல ஒட்டிக்கிட்டா அப்புறம் எப்படி எடுப்பீங்க? சுரண்டவும் முடியாது, உதறவும் முடியாது."

"பின்ன? வாளி இவ்வளவு தடிமன். வெளியில வெச்சா இழுக்காது."

கனாக்காரி தன் கையைப் பார்த்தாள். கழற்றாத கையுறை நனைந்திருந்தது, ஆனால் ஈரம் அதோடு சரி, தோலுக்கு வரவில்லை.

"காந்தத்துக்கும் கையுறை போட்டா?"

மாமா ஓடிப்போய்ப் புதுக் கையுறை ஒன்றை எடுத்துவந்தார்.

கையுறைக்குள் காந்தத்தைப் போட்டு, கனாக்காரி வாளிக்குள் மெல்லத் துழாவினாள். வெளியே எடுத்தபோது கையுறை முழுக்கக் கறுப்பு ரோமம் முளைத்திருந்தது.

"கரடிக் கை!" என்றார் மாமா.

நல்ல தண்ணீர் வைத்த கிண்ணத்துக்குள் அதை நனைத்து, காந்தத்தை மட்டும் மேலே உருவினாள். ரோமம் மொத்தமும் உதிர்ந்து விழுந்தது. மறுபடி வாளி. மறுபடி கிண்ணம்.

"இங்க என்ன நடக்குது?" வாசலில் அம்மா.

கனாக்காரி நிமிர்ந்தாள். "குடுவையைக் கழுவிட்டேம்மா. தெரியாம. தூளைத் திருப்பிப் பிடிச்சுக்கிட்டு இருக்கேன்."

அம்மா நாற்காலியைத் தேடி உட்கார்ந்தாள். கிண்ணத்தைப் பார்த்தாள், கையுறையைப் பார்த்தாள்.

"அந்த மூலையில விட்டுட்ட பார். அங்கயும் துழாவு" என்றாள்.

தூளை நன்றாக அலசி, சூடான பெட்டியில் வைத்து ஈரம் போகக் காயவைத்தார்கள்.

சாயங்காலம் கம்பெனி அம்மா வந்தார். தூள் குடுவைக்குள் போனது. முதலில் புளித்த வாடைதான் அடித்தது. கம்பெனி அம்மா கடிகாரத்தைப் பார்த்தார். மாமா நகத்தைக் கடித்தார். கனாக்காரி மூச்சைப் பிடித்துக்கொண்டாள்.

கம்பெனி அம்மா சட்டென்று மூக்கை உயர்த்தினார். "நெஜமாவே பழைய தூள்தானா இது?"

"காலையில ஒரு தடவை வேலை பாத்த அதே தூள்தாங்க" என்றாள் அம்மா. "நடுவுல ஒரு குளியல் போட்டுட்டு வந்திருக்கு."

"அப்ப எங்க அண்டாவையெல்லாம் கவுத்து வெச்சுட வேண்டியதுதான்!"

கனாக்காரி பிடித்திருந்த மூச்சை விட்டாள். அடுத்து இழுத்த மூச்சு முழுக்கப் பேரிக்காய்.