குளத்து மூலையில் நீலம்

காலை 6.40. கன்னையன் படலின் கயிற்றை அவிழ்த்து ஆடுகளை உள்ளே விட்டார். தண்ணீர் காட்டப் போனவர் குளத்தின் வடமூலையில் அப்படியே நின்றார். தண்ணீர் பேனா மை போல நீலமாகக் கிடந்தது. முக்குளிப்பான் பறவைகள் எதிர்க்கரைக்கு ஒதுங்கியிருந்தன.

அவிநாசிபாளையத்துக்குத் தெற்கே அந்தக் குளமும் அதற்கு மேட்டிலுள்ள கொறங்காடும் பழனாத்தாளுடையவை. ஏர் படாத மேய்ச்சல் நிலம். மழைநீர் அந்தப் புல்லுக்குள் வடிந்துதான் குளத்துக்கு இறங்கும். சுற்றிலும் கிணறுகள் கெட்டபோதும் இந்தத் தண்ணீர் கெடவில்லை. இடத்தை வளைத்துக் கிளுவை வேலி. உள்ளே போக ஒரே வழி, முள்ளும் மூங்கிலும் வைத்துக் கட்டிய அந்தப் படல்.

அன்று பத்து மணிக்கு வனத்துறையினர் வருவதாக இருந்தது. கவுதாரிக்கும் முயலுக்கும் இடத்தை என்றைக்கும் இப்படியே விடுவதாகப் பழனாத்தாள் கையெழுத்துப் போட வேண்டும்.

காலை 7.30. போலீஸ் உதவி ஆய்வாளர் அன்புசெல்வி வந்தபோது, வேலியோரம் நின்ற தண்ணி லாரியைச் சுற்றிக் கூட்டம். ஓட்டுநர் மாதவன், ராமநாதபுரத்துக்காரன், வியர்த்துப்போய் நின்றான்.

“இவன்தானுங்க. ராத்திரியே வண்டி இங்க நின்னுச்சு” என்றார் ஒருவர். “டையிங் பட்டறைச் சாயக் கழிவைக் கொட்டீட்டு, தூங்கற மாதிரி நடிக்கறான்.”

“எதுக்கு நிறுத்தினே?”

“கண்ணு சொருகுச்சு மேடம். ஓரங்கட்டிப் படுத்துட்டேன். டேங்க்ல நல்ல தண்ணிதான் இருக்கு, தெறந்து பாருங்க.”

“உள்ளே போனியா?”

“அந்த முள்ளுக் கேட்டுக்குள்ளயா? போன வாரம் கை கால் கழுவப் போயி, தெறந்து போட்டு வந்துட்டேன். ஆடு பூரா ரோட்டுக்கு வந்துருச்சு. அந்த அண்ணாச்சிகிட்ட வாங்குன ஏச்சு இன்னும் காதுல நிக்கிது.”

கன்னையன் முறைத்தார். “மறந்துட்டானாம். மறக்கற காரியமாங்க அது?”

“இன்னைக்கு நீங்க வந்தப்ப படல் எப்படி இருந்துச்சு?”

“கட்டித்தாங்க இருந்துச்சு.”

பழனாத்தாளின் மகன் முகிலன் முன்னே வந்தான். திருப்பூரில் தையல் யூனிட் வைத்திருப்பவன். “ஒரு மாசமா நான் இந்தப் பக்கமே வரலீங்க மேடம். போன் வந்து காரை எடுத்துட்டு ஓடியாறேன். அம்மாகிட்ட அப்பவே சொன்னேன், குடோனுக்குக் கேக்கறப்பவே குடுத்தரலாம்னு. தண்ணி கெட்டபொறகு இந்தக் காட்டை வெச்சிருந்து என்ன பண்றது?”

பழனாத்தாள் குளத்தையே பார்த்துக்கொண்டிருந்தார். “அவன் சொல்றதும் சரிதானோ, அம்மிணி” என்றார்.

அன்புசெல்வி லாரிப் பக்கம் நடந்தாள். போலீஸ் வேலைக்கு வருமுன் அவள் ஒரு சாயப்பட்டறை ஆய்வகத்தில் இருந்தவள். மாதவனிடம் கை நீட்டினாள்.

“தண்ணியில உப்பு பார்க்கற டி.டி.எஸ். மீட்டர் வெச்சிருப்பியே?”

“இருக்கு மேடம். அது இல்லாட்டி ஹாஸ்டல்ல தண்ணி வாங்க மாட்டாங்க.”

எதிர்க்கரைத் தண்ணீரில் மீட்டர் 300 காட்டியது. நீல மூலையில் 310.

அவள் படலுக்குத் திரும்பினாள். கைக்குட்டையை நனைத்துக் கயிற்று முடிச்சில் ஒற்றினாள். அழுக்கேறிய கயிறுதான், ஆனால் துணியில் நீலம் பூத்தது. துணியின் இன்னொரு முனையைக் கன்னையனின் கைத்தடியில் ஒற்றினாள். அழுக்கு மட்டும் வந்தது.

“முகிலன், கார் சாவி குடுங்க.”

“எதுக்குங்க?”

“குடுங்க.”

கறுப்பு ஸ்டியரிங்கைச் சுற்றி ஈரத்துணி ஒருமுறை போய் வந்தது. அதே நீலம்.

காலை 9.15. எல்லோரும் கேட்கும்படி அன்புசெல்வி பேசினாள். அவள் குரல் எப்போதும் தாழ்ந்ததுதான், கூட்டம்தான் கிட்ட நெருங்கி வந்தது.

“சாயம் போடறப்ப உப்பு அள்ளிக் கொட்டுவாங்க. கழிவுல அந்த உப்பு அப்படியே இருக்கும். ஒரு லாரி கொட்டியிருந்தா மீட்டர் ஆயிரக்கணக்குல ஏறியிருக்கும். இது கழிவு இல்லை. யாரோ கொண்டுவந்து தூவின வெறும் சாயப்பொடி. பொடி காய்ஞ்சிருந்தா கண்ணுக்குத் தெரியாது, ஈரம் பட்டாத்தான் நிறம் காட்டும். தூவின கை அப்படியே படலையும் கட்டிட்டுப் போயிருக்கு.”

“அதுல என்னங்க?” என்றான் முகிலன்.

“பழியை லாரிக்காரன் மேல போடணும்னா படலைத் திறந்து போட்டிருக்கணும். உங்களால முடியலை. ஆடு வெளியே போயிருமேன்னு கை தானா கட்டிருச்சு. இந்த மண்ணுல பொறந்து வளர்ந்த கை அது. மாதவனுக்கு அந்தப் பழக்கம் கிடையாது. கன்னையனுக்கு உண்டு, ஆனா அவர் தடியில சாயம் இல்லை. தையல் யூனிட்டுக்கு வர்றது சாயம் ஏறின துணி. அங்க சாயப்பொடிக்கு என்ன வேலை?”

முகிலன் காருக்குள் பார்த்தான். அம்மாவைப் பார்க்கவில்லை. “ஒரு மூலையிலதாம்மா போட்டேன்” என்றான். “நீ மனசு மாறுவீன்னுதான்.”

மாதவன் லாரிப் படியில் உட்கார்ந்து முகத்தைத் துடைத்துக்கொண்டான்.

பத்து மணிக்கு வனத்துறை ஜீப் வந்தது. மூலையை எப்படி மறைப்பது என்று ஊரார் குசுகுசுத்தார்கள். பழனாத்தாள் அதிகாரியை நேரே அங்கேதான் கூட்டிப் போனார்.

“இது எம் பையன் கொட்டுன சாயமுங்க. அவனைப் போலீஸ் பார்த்துக்கும். இந்தக் காடு தண்ணியைக் கெடுத்ததில்லீங்க. நாலு மழை அந்தப் புல்லு வழியா இறங்கட்டும், வந்து பாருங்க, அடித்தரை தெரியும்.”

நிமிர்ந்து நின்று கேட்டார்.

“கையெழுத்து எங்கீங்க போடோணும்?”