பெயர் தெரியாத டீச்சர்

1988 அக்டோபர் மழையில் டத்தோ கிராமாட் வட்டாரத்தில் ஒரு பழைய மாடி வீட்டுக்கு அருந்ததி தனியாகக் குடிவந்தாள். கணவர் இறந்து நாற்பது நாள்தான் ஆகியிருந்தது. அழுகை வரவில்லை. காலையில் ஃபெர்ரி ஏறி அக்கரையில் செபராங் ஜெயா ஆபீசுக்குப் போவாள். திரும்பி வந்து வீடியோவில் படம் பார்ப்பாள்.

எல்லாம் ஒரே மாதிரிப் படங்கள். தனி வீடு, தனியாக ஒரு பெண், முகமூடியோடு உள்ளே நுழைகிறவர்கள். பயமாவது வரட்டுமே என்று பார்த்தாள், அதுவும் வரவில்லை. ஒன்றை மட்டும் கவனித்தாள். நுழைகிறவர்களுக்குப் பெயர் இருந்தது, பேச்சு இருந்தது, சிரிப்பு இருந்தது. அந்தப் பெண்ணுக்கு அலறல் மட்டும். கேமராகூட அவர்களோடு ஜன்னலுக்கு வெளியே நின்றுதான் அவளைப் பார்த்தது.

ஒரு சனிக்கிழமை மத்தியானம். மழை இருட்டு. படம் ஓடிக்கொண்டிருந்தபோது மாடியில் யாரோ நடந்தார்கள்.

வெறுங்கால். மெதுவாக.

அருந்ததி சத்தத்தைக் குறைத்தாள். காலடி மேல்படியில் வந்து நின்றது. ஈரச் சுண்ணாம்பு வாடையோடு தலைவலித் தைலத்தின் வாடையும் இறங்கி வந்தது. எழுந்து போய் அண்ணாந்து பார்த்தாள்.

யாருமில்லை.

"கதவைச் சாத்து தங்கச்சி," என்றது ஒரு குரல், காதோரம். "வந்துட்டாங்க."

அவள் கத்தவில்லை. கதவைத் திறந்து போட்டுவிட்டு, பக்கத்து வீட்டில் இருந்த வீட்டுக்காரி ஹபீபா பீவியிடம் போய்ச் சொன்னாள்.

அவர் குரலைத் தாழ்த்தினார். "நாலு வருசம் முன்ன அந்த வீட்டுல திருடனுங்க பூந்துட்டானுங்கம்மா. டீச்சர் ஒண்ணு தனியா இருந்துச்சு. கொன்னுட்டானுங்க. சொன்னா வாடகைக்கு யாரும் வரமாட்டாங்க லா, அதான் சொல்லல."

"அவங்க பேரு என்னக்கா?"

ஹபீபா பீவி வெகுநேரம் யோசித்தார். "திருடனுங்க பேரு பேப்பர்ல வந்துச்சு. மூணையும் இப்பவும் சொல்லுவேன். அது பேரு... டீச்சர்னுதான் கூப்புடுவோம்."

அருந்ததி திரும்பி வந்தபோது கதவு உள்ளே தாழிட்டிருந்தது. தட்டினாள். தள்ளினாள்.

உள்ளே கனமாக ஏதோ இழுபட்டு வந்து கதவில் மோதி நின்றது.

ஜன்னல் கிரில்லைப் பிடித்து எட்டிப் பார்த்தாள். டிவி வெளிச்சத்தில் கூடம் காலியாகக் கிடந்தது. குடிவந்த அன்று நான்கு ஆண்கள் தூக்கி வைத்த மர அலமாரி கதவை அடைத்து நின்றது.

"இருக்கறதெல்லாம் எடுத்துக்குங்க," ஜன்னலுக்கு அந்தப் பக்கம், மூச்சு படும் தூரத்தில், குரல் நடுங்கியது. "என்னை ஒண்ணும் செஞ்சிடாதீங்க."

அது யாரைப் பார்த்துக் கெஞ்சுகிறது என்று அருந்ததிக்கு அப்போதுதான் புரிந்தது. கிரில்லிலிருந்து கைகளை எடுத்துக்கொண்டாள்.

"உங்க பேரு என்ன டீச்சர்?"



மாலையில் ஹபீபா பீவியின் மருமகன் சுலைமான் பின்கதவை உடைத்தான். வீடு முழுக்கத் தேடியும் யாருமில்லை. மறுநாளே அருந்ததி சாமான்களைக் கட்டிவிட்டாள்.

லாரி கிளம்பும்போது திரும்பிப் பார்த்தாள். ஆளில்லாத வீட்டின் மாடி ஜன்னல்கள், ஒன்றன்பின் ஒன்றாக, அவசரமில்லாமல், உள்ளிருந்து சாத்திக்கொண்டிருந்தன.