ஒரே ராத்திரியில் நிரம்பிய பாட்டில்

ஞாயிறு, காலை 6.50.

நந்திதுர்க் பக்கம், தங்கச் சுரங்கக் கழிவு குவிந்த சயனைடு மேட்டின் அடியில் போகும் நேர் ரோட்டில் வேந்தன் செத்துக் கிடந்தான். வயது இருபத்தாறு. தலையில் ஹெல்மெட் இருந்தது, வாரும் சரியாகத்தான் மாட்டியிருந்தது. கழுத்துதான் தாங்கவில்லை. அறுபதடி தள்ளி அவனுடைய பழைய 220 சிசி பைக் குப்புறக் கிடந்தது. நாலு பேர் சேர்ந்து தள்ளியும் பின்சக்கரம் இம்மிகூட சுற்றவில்லை.

சப் இன்ஸ்பெக்டர் அன்புச்செல்வி 7.20க்கு வந்து சேர்ந்தாள். கோலார் தங்கவயலில் சுரங்கத் தொழிலாளர் லைன் வீட்டில் பிறந்து வளர்ந்தவள். ஞாயிற்றுக்கிழமை காலையில் பிள்ளைகள் பந்தயம் ஓட்டுவதும் விழுவதும் அவளுக்குப் புதிதில்லை. ஆனால் நேர் ரோட்டில், குழி இல்லாத இடத்தில், எதிரே வண்டியே வராதபோது விழுந்தது அவளை உறுத்தியது.

சீட்டுக்குக் கீழே முழங்கை நீளத்துக்கு ஒரு பாட்டில் கட்டியிருந்தது. அதிலிருந்து ஒரு ஹோஸ் எஞ்சினுக்குப் போயிற்று.

"இன்னா மேடம் இது?" என்றார் ஏட்டு ரவிகுமார்.

"நைட்ரஸ். எஞ்சினுக்கு ஒரு நிமிஷத்துக்கு ராட்சச பலம் குடுக்குற காஸ்."

வேந்தனுக்கு ஆசை என்னவோ எஞ்சினுக்குள் காற்றைத் திணிக்கும் டர்போ மேல்தான். ஆனால் டர்போ மாட்டுகிற துட்டில் இன்னொரு பைக்கே வாங்கிவிடலாம். அதனால் நைட்ரஸில் வந்து நின்றான். அதிலும் எல்லாமே பழசு: பழைய பாட்டில், பழைய காரிலிருந்து கழற்றிய வால்வு, யாரோ போட்டுத் தேய்த்த பிரேக் ஹோஸ். கிட் முழுவதையும் பொருத்திக் கொடுத்தவன் ஆண்டர்சன்பேட்டையில் பட்டறை வைத்திருக்கும் டென்சில்.

காலை 9.30க்கு எஞ்சினைப் பிரித்தார்கள். பிஸ்டனின் தலையில் விரல் போகிற அளவுக்கு ஓட்டை. உருகிய அலுமினியம் சுற்றிலும் சிதறி ஒட்டியிருந்தது. எஞ்சின் இறுகி, சக்கரம் பூட்டிக்கொண்டு, பையனைத் தூக்கி எறிந்திருக்கிறது. சாவு எப்படி வந்தது என்பது தெரிந்துவிட்டது. ஏன் என்பதுதான் பாக்கி.

அதற்கும் பதில் இருக்கிறது என்றார் வேந்தனின் அப்பா சிவலிங்கம். சுரங்கம் மூடுகிறவரை அடியில் வேலை பார்த்தவர். கல்தூசி நுரையீரலைத் தின்றுவிட்டதால் ஸ்டேஷனுக்கு வர முடியவில்லை. ரவிகுமார்தான் வீட்டுக்குப் போய்ப் புகார் எழுதி வந்தார். 'சனிக்கிழமை சாயங்காலம் டென்சில் என் மகனைப் பட்டறையில் வைத்து அடித்தான். அவன்தான் வண்டியில் ஏதோ செய்து கொன்றான். அவனைத் தூக்கில் போட வேண்டும்.'

11 மணிக்கு டென்சிலைப் பிடித்து வந்தார்கள். மறுநாள் 11 மணிக்குள் அவனைக் கோர்ட்டில் நிறுத்தியாக வேண்டும். கொலைக் கேஸ் என்று ஒருமுறை பதிந்துவிட்டால் பிறகு லேசில் கழுவ முடியாது.

பகல் 12.10.

"இன்னாத்துக்கு அடிச்ச?"

"அடிக்கல மேடம். தள்ளினேன். பாட்டில் காலி. அடுத்த வாரம் பெங்களூர்லேர்ந்து ரொப்பிகினு வரேன், அதுவரைக்கும் பந்தயம் வேணாம்னேன். வேற காஸ் போட்டா ஓடாதான்னு கேட்டான். கோவம் வந்துட்ச்சு."

"காலின்னு எப்படித் தெரியும்?"

"எட போட்டோம். நைட்ரஸ் பாட்டிலுக்குள்ள தண்ணியாட்டம் இருக்கும். அத்த தராசுலதான் பாக்கணும். வெறும் பாட்டில் எடதான் இருந்துச்சு. அவன் கூட்டாளி நோயலும் பக்கத்துல நின்னு பாத்தான்."

"மணி என்ன அப்போ?"

"ஆறே முக்கால்."

"காலைல ஆறரைக்கு அதே பாட்டில வெச்சு ஓட்டியிருக்கான். நடுவுல எவன் ரொப்பினது?"

டென்சில் தலையைப் பிடித்துக்கொண்டான். "அதான் மேடம் எனக்கும் புரியல. கேஜிஎஃப்ல அத்த ரொப்ற எடம் ஒண்ணுகூட கிடையாது."

வெளியே வந்ததும் ரவிகுமார் கையை விரித்தார். "பின்ன ஆகாசத்துலேர்ந்தா வந்துது? இவனே எதையோ ரொப்பிக் குடுத்துட்டு நாடகம் ஆடறான் மேடம்."

"அப்படின்னா காலின்னு ஏன் சொல்றான்? ரொப்பிக் குடுத்தேன், காஸ் அளவு தப்பாயிடுச்சின்னு சொன்னா இவனுக்கு லேசு. வெறும் கவனக்குறைவோட போயிருக்கும்."



பகல் 2.15. நோயல் வந்தான். வேந்தனோடு தினமும் காலை ரயிலில் பெங்களூருக்கு வேலைக்குப் போகிறவன். பந்தயத்தைப் போனில் படம் எடுத்திருந்தான். அழுது அழுது அவன் கண் வீங்கியிருந்தது.

"இன்னிக்கு ஜெயிச்சா பெங்களூர்ல ஒரு ரேஸ் டீம்ல வேலை தரேன்னு சொல்லியிருந்தாங்க மேடம். அதனாலதான் வுடமாட்டேன்னு நின்னான். பாட்டில் எங்க ரொப்பினன்னு கேட்டேன். சிரிச்சான். சொல்லல."

அன்புச்செல்வி படத்தை மூன்று முறை ஓட்டிப் பார்த்தாள். வேந்தன் பைக்கில் உட்காருகிறான். ஹோஸில் தேங்கிய காற்று போகட்டும் என்று ஒருமுறை வால்வைத் திறந்து மூடுகிறான். புஸ்ஸென்று சத்தம் கேட்கிறது. அவ்வளவுதான். ஹேண்டில்பாரில் இருந்த, அழுத்தம் காட்டும் கேஜின் முள் கடைசி எண்ணையும் தாண்டிப் போய் முட்டிக்கொண்டு நிற்கிறது.

"முன்னாடி எடுத்த படம் இருக்கா?"

இருந்தது. போன மாதம் எடுத்தது. அதில் வால்வைத் திறந்ததும் வெள்ளை வெளேரென்று பனி மாதிரி பீய்ச்சி அடிக்கிறது. முள் எண்ணூறில் நிற்கிறது.

4 மணிக்கு இரண்டு படத்தையும் டென்சிலிடம் காட்டினாள். அவன் ஒருமுறை பார்த்ததுமே எழுந்து நின்றுவிட்டான்.

"இது நைட்ரஸே இல்ல மேடம். இந்தக் குளுருல நைட்ரஸ எத்தினி ரொப்பினாலும் முள்ளு எண்ணூறு, தொள்ளாயிரம், அத்தோட சரி. இது வேற இன்னாவோ."

"இது?"

வேந்தனின் டூல்ஸ் பையில் கிடைத்த பித்தளைத் துண்டை மேஜையில் வைத்தாள். கட்டைவிரல் அளவு. நடுவில் துளை, இரண்டு முனையிலும் மரை. டென்சில் அதை வெளிச்சத்தில் திருப்பித் திருப்பிப் பார்த்தான்.

"புதுசா கடஞ்சது. வேந்தன் லேத்து வேலைக்காரன், அவன் கைதான். இந்தப் பக்கம் நம்ம பாட்டில்ல சேரும். அந்தப் பக்கம் எதுல சேரும்னு தெரியல. எங்க பட்டறையில இந்த மரையில ஒண்ணியும் கிடையாது."

அன்புச்செல்வி அதைப் பாக்கெட்டில் போட்டுக்கொண்டாள். காஸ் வெல்டிங் பட்டறை இரண்டில் போய்ப் பொருத்திப் பார்த்தாள். சேரவில்லை.

திங்கள், காலை 8.10.

சிவலிங்கத்தின் லைன் வீட்டில் அவரைத் தவிர யாரும் இல்லை. மனைவி போய் எட்டு வருஷம். பிரேத பரிசோதனை முடிந்து மகனின் உடல் பன்னிரண்டு மணிக்கு வரும் என்று சொல்லியிருந்தார்கள். தலையணையை மார்போடு அணைத்துக்கொண்டு கட்டிலில் குந்தியிருந்தார். மூக்கில் பிளாஸ்டிக் குழாய். கட்டிலோரம் கறுப்பு உடம்பும் வெள்ளைக் கழுத்துமாக இடுப்பளவு சிலிண்டர். அவர் உதடு நீலம் பாரித்திருந்தது.

பெற்ற பிள்ளையைப் பறிகொடுத்த மனிதர் முன்னால் எதைக் கேட்பது?

கேட்டுத்தான் ஆக வேண்டியிருந்தது.

"காத்தை நிமிஷத்துக்கு ஒரு லிட்டர்ல வெச்சிருக்கீங்களே. டாக்டர் எத்தனை சொன்னார்?"

"ரெண்டு."

"சிலிண்டர் எப்போ மாத்தினது?"

"சனிக்கிழமை மத்தியானம். மூணு நாளு வரும்."

இரண்டு நாள்கூட ஆகவில்லை. மூன்றில் ஒரு பங்காவது காட்ட வேண்டிய முள் கிட்டத்தட்ட அடிமட்டத்தில் நின்றது.

"இதைத் திறக்குற சாவி?"

அவர் சட்டையைத் தூக்கிக் காட்டினார். அரைஞாணில் இரும்புச் சாவி முடிந்திருந்தது. "பக்கத்து வூட்டுக் கொழந்தைங்க முறுக்கி வுட்டுடுதுங்கன்னு. தூங்கறப்பகூட இங்கதான்." இரண்டு மூச்சு வாங்கினார். "டென்சில எப்போ தூக்குல போடுவீங்க?"

அன்புச்செல்வி சிலிண்டரின் ஓரம் குனிந்தாள். பாக்கெட்டிலிருந்து பித்தளைத் துண்டை எடுத்து, வால்வுக்குப் பக்கத்தில் இருந்த மரையோடு மரை வைத்து ஒத்துப் பார்த்தாள். அளவெடுத்துத் தைத்த மாதிரி ஒரே மரை. வாசலில் நின்ற ரவிகுமார் உள்ளே வந்துவிட்டார்.

"ஐயா, டென்சில் ஒண்ணும் பண்ணல" என்றாள். "வேந்தன் பாட்டில்ல இருந்தது நைட்ரஸ் இல்ல. நைட்ரஸா இருந்தா வெள்ளையா பனி அடிச்சிருக்கும், முள்ளு எண்ணூறுல நின்னிருக்கும். அதுல இருந்தது ஆக்சிஜன். இந்த சிலிண்டர்ல இருந்து, இந்தப் பித்தளை வழியா போயிருக்குது."

சிவலிங்கம் அவளையே பார்த்தார். புரியவில்லை என்பது முகத்தில் தெரிந்தது.

"அதனால இன்னா? அது நல்ல காத்துதானேம்மா?"

"மனுஷனுக்கு நல்லது. எஞ்சினுக்கு இல்ல. நைட்ரஸ்ல பாதிக்கு மேல எரியாத காத்து. அதுதான் தீயை அடக்கி வைக்கும். இதுல அடக்க ஒண்ணுமே இல்ல. பிஸ்டன் மெழுகாட்டம் உருகிப்போச்சு. சக்கரம் பூட்டிக்கிச்சு."

அவர் முகம் சுருங்கிப்போனதை அன்புச்செல்வியால் பார்க்க முடியவில்லை. உண்மை என்னவென்று சாவியைப் பார்த்தபோதே அவளுக்குத் தெரியும். ஆனாலும் மனசு கேட்கவில்லை. ரவிகுமாரின் கையில் பேனா தயாராக இருந்தது.

"நீங்க அசந்து தூங்கியிருப்பீங்க" என்றாள் மெதுவாக. "உங்களுக்குத் தெரியாம அவன் சாவிய அவுத்து எடுத்திருப்பான். வயசுப் பையன், அவசரம். அப்படித்தானே? அப்படின்னே எழுதிக்கலாம். டென்சிலையும் வுட்டுடலாம். உங்கள யாரும் ஒரு வார்த்தை கேக்க மாட்டாங்க."

சிவலிங்கம் மூக்குக் குழாயை ஒரு கையால் பிடித்துக்கொண்டு நிமிர்ந்தார்.

"என் புள்ள திருடல."

"ஐயா…"

"அவன் கேக்கக்கூட இல்ல. வியாழக்கெழம காஸ் தீந்துபோச்சுன்னு சோறு துன்னாம குந்திகினு இருந்தான். நான்தான் சொன்னேன், என்னுதுல கொஞ்சம் எடுத்துக்கோடான்னு. வேணாம்பா, உனக்கு வேணும்னான். நான்தான் வுடல. நீ ஒரு பித்தளை கடஞ்சிகினு வா, நான் திறந்து வுடறேன்னேன். அப்பவும் சனிக்கெழம டென்சிலாண்ட போயி கேட்டுட்டுதான் வந்தான்." இருமல் வந்தது. அடங்கக் காத்திருந்தார். "சுரங்கத்துக்கு அடியில எங்க டிரில் மெஷினே காத்துலதாம்மா ஓடும். மேலேர்ந்து காத்து கொறஞ்சா மெஷின் படுத்துக்கும். நெறைய வந்தா பாறைய வெண்ணையாட்டம் பொளக்கும். இருவது வருஷம் கையில புடிச்சவன் நானு. மெஷினுக்குக் காத்து குடுத்தா நல்லா ஓடும்னுதான் எனக்குத் தெரியும். வேற ஒண்ணியும் தெரியாது."

அன்புச்செல்வி அழுகையை விழுங்கினாள். போலீஸ்காரி அழுதால் யார் எழுதுவது?

"தினமும் ரெண்டு மணி நேரம் ரயில்ல நின்னுகினே போவான். ஜெயிச்சா அங்கியே வேலைன்னான். அதுக்குத்தான். எழுதுங்க. அப்பன் குடுத்தான்னு எழுதுங்க. புள்ள திருடினான்னு ஒரு எழுத்துகூட இருக்கக் கூடாது."

ரவிகுமார் எழுதினார். அன்புச்செல்வி வாசித்துக் காட்டினாள். சிவலிங்கம் ஒவ்வொரு வரிக்கும் தலையாட்டி, கடைசியில் கையெழுத்துப் போட்டார்.

அவள் எழுந்தபோது கூப்பிட்டார்.

"டென்சில எப்போ வுடுவீங்க?"

"இப்பவே ஐயா."

"அவன அடிச்சீங்களா?"

"இல்ல."

அவர் வாசலைப் பார்த்தார். லைன்காரர்கள் வெளியே பாடை கட்டத் தொடங்கியிருந்தார்கள்.

"என் புள்ளையத் தூக்க ஒரு தோள் கொறையுது. நான் தூக்கணும், என்னால ஆவாது. அவன் வருவானான்னு கேளுங்கம்மா. வரலன்னா பரவால்ல. வையாதீங்க."

10.25க்கு ஸ்டேஷனில் டென்சிலிடம் எல்லாவற்றையும் சொன்னாள். கடைசியாக அதையும் கேட்டாள். அவன் குழாயடிக்குப் போய் முகம் கழுவினான். பிறகு பட்டறைப் பக்கம் திரும்பாமல் லைன் வீடுகள் இருக்கும் பக்கம் நடந்தான்.